மூன்று ஒலிபெருக்கிகளின் முன்கதை

வீட்டில் படம் பார்க்கும் வழக்கத்தை நானும் மனைவியும் ஏறக்குறையக் கைவிட்டிருந்தோம். குற்றம் படங்களில் இல்லை. அச்சியந்திர இரைச்சலுக்கு அருகே பல்லாண்டுகள் இரவுப் பணி செய்த என் காதுகள் முன்போல் இல்லை. வெடிச்சத்தமும் பின்னணி இசையும் அறையை நிரப்புகின்றன. பாத்திரங்கள் பேசுவது மட்டும் விளங்குவதில்லை. "இப்ப என்ன சொன்னவன்?" என்று நான் கேட்க, அவள் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த இரண்டு வசனங்கள் இருவருக்குமே தவறிவிடும். தட்டைத் தொலைக்காட்சிகளில் ஒலிபெருக்கிகள் மெலிந்து, கீழ்நோக்கியோ பின்னோக்கியோ ஒலிக்கும்படி ஒளித்து வைக்கப்பட்டிருப்பது இத்தொல்லையை மேலும் கூட்டுகிறது.

ஓய்வுக்காலச் சேமிப்பில் ஒரு தொகையை ஒதுக்கிக்கொண்டு கடையொன்றுக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர் பளபளக்கும் ஆறு பெட்டிகளைக் காட்டி, அட்டையில் பொறிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான 'வாற்ஸ்' மீது விரலை வைத்தார். விலை என் தொகைக்குள் அடங்கியது. ஆயினும் வாங்காமல் திரும்பினேன். பூர்வீகம் அறியாத எதைப்பற்றியும் எழுதக்கூடாது என்ற தொழிற்பழக்கம், வாங்கும்போதும் குறுக்கே வந்து நின்றது.

1933 ஏப்ரல் 27 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் ஒரு பரிசோதனை நடத்தினர். பிலடெல்பியாவில் இசைக்குழு வாசிக்க, அந்த ஒலி கம்பிகள் வழியாக வாஷிங்டனிலுள்ள மண்டபமொன்றை அடைந்தது. அங்கு மேடையில் வாத்தியக்காரர் எவருமில்லை. இடம், நடு, வலம் என மூன்று ஒலிபெருக்கித் தொகுதிகள் மட்டுமே இருந்தன. நடுவில் ஒன்று எதற்கு? இரண்டு மட்டும் இருந்தால், மத்தியிலிருந்து வரவேண்டிய ஒலி, கேட்பவர் சற்று விலகி அமர்ந்ததுமே அருகிலுள்ள பெட்டியோடு ஒட்டிக்கொண்டுவிடும். திரையரங்குகள் இந்தப் பாடத்தை மறக்கவில்லை. அங்கே வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவிலிருந்தே வருகிறது.

வீடுகள் மறந்துவிட்டன. 1958 அளவில் சந்தைக்கு வந்த ஸ்ரீரியோ இசைத்தட்டின் பள்ளத்துக்கு இரண்டு சுவர்களே உண்டு. சுவருக்கு ஒன்றாக இரண்டு ஒலித்தடங்களையே அதில் பதிக்க முடிந்தது. அதனால் நடு ஒலிபெருக்கி வீட்டுக்குள் வராமலே போயிற்று. 1982 இல் வந்த டொல்பி சரவுண்ட் முறையிலும் அதற்கு இடமில்லை. 1987 இல் புரோ லொஜிக்தான் அதை மீட்டுக் கொணர்ந்தது. நாங்கள் இருவரும் செற்றியின் இரு முனைகளில் அமர்பவர்கள். நடுவில் தலையணையே இருக்கும். எங்களைப் போன்றோருக்கு நடு ஒலிபெருக்கி ஆடம்பரப் பொருளன்று.

இனிப் பெட்டியின் கதை. அரை நூற்றாண்டுக்கு மேல் முன்னர் ஆழ்ந்த தாழ்சுருதி வேண்டுமெனில் அலுமாரி அளவுப் பெட்டி வேண்டும். நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பு நடத்திய எட்கர் வில்ச்சர் இதை ஏற்கவில்லை. கூம்பைப் பிடித்திருக்கும் விறைப்பான பொறிமுறைத் தாங்கியே ஒலியைத் திரிக்கிறது என்று அவர் கண்டார். அதைத் தளர்த்தி, காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாக வேலை வாங்கினார். அவரிடம் படித்த ஹென்றி குளொஸ் என்ற இளைஞர் கூட்டுச் சேர, 1954 இல் மசாசுசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜில் 'அக்கூஸ்ரிக் றிசேர்ச்' நிறுவனம் பிறந்தது. பின்னர் இந்நிறுவனம் நியூயோர்க்கின் கிறான்ட் சென்ட்ரல் புகையிரத நிலையத்தில் ஒரு கேட்பு அறையைத் திறந்து வைத்திருந்தது. எவரும் வந்து கேட்கலாம்; அங்கே விற்பனை கிடையாது. கடை இளைஞரின் விரலை நினைத்துக்கொண்டேன்.

சிறு பெட்டிக்கும் ஒரு விலை உண்டு. சிறிய உருவம், ஆழ்ந்த தாழ்சுருதி, குறைந்த மின்வலுவில் உரத்த ஒலி ஆகிய மூன்றும் ஒரே பெட்டியில் அமையா; ஒன்றை விட்டுக்கொடுக்கவேண்டும். வில்ச்சர் விட்டுக்கொடுத்தது கடைசியானதை. அவருடைய பெட்டிகளுக்கு வலுமிக்க அம்பிளிபயர்கள் தேவைப்பட்டன. வாற்ஸ் கணக்கு விளம்பரப் பொருளானதில் இதற்கும் ஒரு பங்குண்டு என்பது என் எண்ணம். மிகைப்படுத்தல் எல்லை மீறியதால், தொடர்ந்து வழங்கக்கூடிய வலுவையே விளம்பரத்தில் கூறவேண்டுமென அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 1974 இல் விதித்தது. நான் கண்ட அட்டையிலிருந்த 'பி.எம்.பி.ஓ.' என்பதற்கோ எல்லோரும் ஒப்பிய வரைவிலக்கணமே இல்லை. வலுவை இருமடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. ஒரு வாற் வலுவில் ஒரு மீற்றர் தொலைவில் 87 டெசிபெல் தரும் ஒலிபெருக்கிக்குப் பதிலாக 90 தருவதை வாங்கினால், அதே பயன் செலவின்றிக் கிடைக்கும்.

ஆனால் என்னை அதிகம் உலுக்கியது 1994 இல் புளொயிட் ரூலும் ஷோன் ஒலிவும் வெளியிட்ட ஆய்வு. நான்கு ஒலிபெருக்கிகளை 40 பேர் மதிப்பிட்டனர். முதலில் திரைக்குப் பின்னால் வைத்து, பின்னர் கண்ணால் பார்த்து. கண்ணுக்குத் தெரிந்தவுடன் மதிப்பெண்கள் மாறின. மறைவிலிருந்தபோது நன்றாகப் பெயரெடுத்த மலிவான சிறு தொகுதி, வெளிச்சத்தில் பின்தள்ளப்பட்டது.

மறுமுறை கடைக்கு மனைவியையும் அழைத்துச் சென்றேன். உரையாடல் மிகுந்த ஒரு காட்சியை ஓடவிட்டு, இருவரும் திரைக்கு முதுகைக் காட்டி அமர்ந்தோம். இளைஞர் சிரித்தார், பிறகு அவருக்கே ஆர்வம் பிடித்துக்கொண்டது. ஆறு பெட்டிகளின் விலைக்கு ஒரே வகையைச் சேர்ந்த மூன்று ஒலிபெருக்கிகளையும் எளிய அம்பிளிபயர் ஒன்றையும் வாங்கினோம். பின்பக்கத்துக்கானவையும் சப்வூபரும் பின்னொருநாள் வரட்டும். நடுப்பெட்டியைத் திரைக்குக் கீழே, முகம் எங்கள் காதுகளை நோக்கும்படி சற்று நிமிர்த்தி வைத்தேன்.

அன்றிரவு பார்த்த படத்தில் இரண்டே தடவைதான் கேட்டேன், "என்ன சொன்னவன்?" என்று.

வில்ச்சர் 1967 இல் தம் நிறுவனத்தை விற்றுவிட்டுச் செவிப்புலக் கருவி ஆய்வில் இறங்கினார். மெல்லிய ஒலியை மிகுதியாகவும் உரத்த ஒலியைக் குறைவாகவும் வெவ்வேறு சுருதிகளுக்குத் தனித்தனியே பெருக்கும் முறையை உருவாக்கினார். அதற்குக் காப்புரிமை கோராமல் 1973 இல் எல்லோரும் பயன்படுத்த வெளியிட்டார். 2011 இல் அவர் காலமானார். அந்த இரண்டு தடவைகளையும் மனைவி எண்ணி வைத்திருந்தாள். செவிப் பரிசோதனைக்கு அவளே திகதி எடுத்துவிட்டாள். வருகிற செவ்வாய்க்கிழமை போகிறோம்.