அட்டைப்பட முகங்கள்

கௌதம் ராஜாத்யக்ஷா கீழக்கரைக்கு வந்தவரல்ல. ஆனால் அவர் வளர்த்தெடுத்த அந்த வெளிச்சம் வந்தது. சலூன் சுவரில், பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கிய சினிமா இதழ்களில், மருவோ தழும்போ இல்லாத முகங்களாக எங்க தெரு வரைக்கும் வந்தது.

1950இல் பம்பாயில் பிறந்தவர். சேவியர் கல்லூரியில் வேதியியல், பிறகு லிண்டாஸ் விளம்பரக் கம்பெனி. 1980இல் ஷபனா ஆஸ்மி, டினா முனிம், ஜாக்கி ஷெராஃப் ஆகியோரைப் படமெடுத்தார். 1987இல் வேலையை விட்டுவிட்டு முழுநேரப் புகைப்படக்காரரானார். நடிகைகள் அவர் கேமராவுக்காகக் காத்திருந்தார்கள். 1997இல் 'ஃபேசஸ்' தொகுப்பு வந்தது. 2011 செப்டம்பரில் இறந்தார். கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. முகத்தில் ஒளியை மெத்தென்று விழவைப்பதில் அவர் கை தேர்ந்த கை. ஆனால் 'ஸ்டார்டஸ்ட்' இதழின் முதல் ஆசிரியர் ஷோபா டே அவருக்கு உறவு. காலேஜ், விளம்பரக் கம்பெனி, பத்திரிகைச் சொந்தம் என்று வரிசையாகத் திறந்து கிடந்த கதவுகளில் ஒண்ணாவது நம்ம சேரிப் பையனுக்குத் திறந்திருக்குமா?

கேமராவுக்குள் போட்ட ஃபிலிமுக்கும் ஒரு வரலாறு உண்டு. கலர் சரியா விழுதான்னு பார்க்க கொடாக் கம்பெனி 1950களிலிருந்து லேபுகளுக்கு ஒரு படம் அனுப்பியது. 'ஷெர்லி கார்டு' என்று பேர். அதில் இருந்தவள் வெள்ளைக்காரப் பெண். அவள் தோல்தான் அளவுகோல். கறுத்த முகம் அந்த ஃபிலிமில் கண்ணும் பல்லுமாகத் தெரிந்தால் குறை முகத்துடையது என்றானது. இதை மாற்றக் கறுப்பர்களின் முறையீடு போதவில்லை. எங்க சாக்லேட்டும் மரச்சாமானும் விளம்பரத்தில் சரியா விழலேன்னு கம்பெனிக்காரர்கள் புகார் செய்தபோதுதான் கொடாக்குக்குக் காது கேட்டது. நம்ம தோலைவிட சாக்லேட்டுக்கு மரியாதை அதிகம்.

எங்க அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தப்போ ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனோம். அவர் முதல்ல கையில் எடுத்தது கேமராவை இல்லை, பவுடர் டப்பாவை. அப்புறம் நெகட்டிவில் பென்சில் வேலை. "யாரும்மா இது?" என்று ஆத்தா கேட்டாள். அந்தப் படம்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. பொண்ணு பார்க்க வந்தவங்க, படத்தில் சிவப்பா இருந்துச்சேன்னு சொல்லிட்டு எழுந்து போனாங்க.

1975இல் கடைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டது. களிம்பு அப்படியேதான் விற்கிறது. இந்தக் கடற்கரையில் முங்கிப் பாசி எடுக்கிற பொம்பளைகளை இப்போது கேமராக்காரர்கள் தேடி வருகிறார்கள். கட்டுரைக்குள்ளே போடுவதற்கு.