களிமண்ணும் கைக்காசும்

இடம் நூறு, தகுதி இருக்கிறது, விண்ணப்பமும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனாலும், "உனக்கு இல்லை" என்றது தேர்வுக் குழு.

ஆண்டு 1923. நகரம் நியூயார்க். விண்ணப்பித்தவர் அகஸ்டா சாவேஜ் எனும் சிற்பக்கலை மாணவி. பாரிஸ் நகரை அடுத்து, மன்னர்கள் வாழ்ந்து மறைந்த போந்தேன்ப்ளோ அரண்மனையிலே, பிரெஞ்சு அரசின் ஆதரவோடு கோடைக்காலக் கலைப் பள்ளி ஒன்று நடைபெற இருந்தது. அமெரிக்க நங்கையர் நூறு பேர் அங்கே சென்று பயிலலாம். அவர்களைத் தேர்ந்து அனுப்பும் பொறுப்பு, பெயர் பெற்ற கலைஞர்கள் அமர்ந்திருந்த ஒரு குழுவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அந்தக் குழுதான் கைவிரித்தது.

என்ன குறை கண்டனர்? சிலையிலே குறையா? செதுக்கிய கையிலே குறையா? இல்லை, கையின் நிறத்திலே குறை கண்டனர்! தென் மாநிலங்களிலிருந்து வரும் வெள்ளை மாணவியருக்கும் இந்தக் கறுப்பினப் பெண்ணுக்கும் இடையே விரும்பத்தகாத சங்கடங்கள் விளையக்கூடும் என்று குழுவின் தலைவர் காரணம் கூறினார். ஊர் ஒரு புறமும் சேரி ஒரு புறமுமாகக் கிடக்கும் மண்ணிலே பிறந்தவர்கட்கு, ‘சங்கடம்’ என்னும் அந்தச் சொல்லின் பொருளை அறிய அகராதி தேவையில்லை.

யார் இந்த அகஸ்டா? 1892இல், புளோரிடா மாநிலத்தின் கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸ் எனும் சிற்றூரிலே பிறந்தவர். அந்த ஊர் செங்களிமண்ணுக்குப் பெயர் போனது. பிள்ளைப் பருவத்திலேயே அந்தக் களிமண்ணை எடுத்து வாத்து செய்தார், கோழி செய்தார். தந்தையோ மதபோதகர். உருவம் சமைப்பது வேதத்துக்கு விரோதம் என்று கருதியவர். மகளை வாரத்தில் நான்கைந்து முறை அடித்தார். அடி ஓயவில்லை; அவர் பொம்மை செய்வதும் ஓயவில்லை. 1921இல், மடியிலே 4 டாலர் 60 சென்ட்டை முடிந்துகொண்டு நியூயார்க் வந்து சேர்ந்தார். கூப்பர் யூனியன் என்னும் கல்லூரியிலே கட்டணமில்லாமல் படிக்க இடம் கிடைத்தது. கிடைத்த சில மாதங்களில், வயிற்றுப்பாட்டுக்காகச் செய்துகொண்டிருந்த வேலை போயிற்று. அப்போது அந்தக் கல்லூரி ஒரு நல்ல காரியம் செய்தது: அவருடைய உணவுக்கும் உறையுளுக்கும் பணம் ஒதுக்கியது. இந்தச் சிறு செய்தியை மறவாதிருக்க வேண்டுகிறேன். இதன் அருமை சற்றுப் பின்னே விளங்கும்.

போந்தேன்ப்ளோ கதவு அடைபட்டதும் அகஸ்டா அழுதுகொண்டு மூலையில் முடங்கவில்லை. நியூயார்க் நாளேடு ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். என் உடன்பிறந்தான் பிரான்சு நாட்டுப் போர்க்களத்திலே அமெரிக்கப் படையில் நின்றான். அவன் போராடிய நாட்டுக்கு விருந்தாளியாகப் போக அவன் தங்கை தகுதியற்றவளா? எனக்காக நான் பேசவில்லை. எனக்குப் பின்னே, என்னைவிடச் சிறந்தவர்கள் விண்ணப்பிக்க வருவார்களே, அவர்களுக்காகப் பேசுகிறேன். இவை அந்தக் கடிதத்தின் கருத்துகள். நாடே படித்தது, பலர் கண்டித்தனர், குழு அசையவில்லை. குழுவிலிருந்த சிற்பி ஹெர்மன் மெக்நீல் ஒருவர் மட்டும் தம்மிடம் வந்து பயிலுமாறு அழைத்தார். அது அவருடைய நல்ல மனத்தைக் காட்டிற்று. குழுவின் முடிவையோ மாற்றவில்லை.

1925இல் வேறொரு வாய்ப்பு வந்தது. கறுப்பின மக்களின் பேரறிஞர் டுபாய்ஸ் முயன்றதன் பயனாக, ரோம் நகரத்துக் கலைக்கழகத்திலே அகஸ்டாவுக்குப் படிக்க இடமும் உதவியும் கிடைத்தன. அங்கே நிறத்தடை இல்லை, கட்டணமும் இல்லை. இனி என்ன தடை? கப்பலேறக் காசில்லை! ரோமில் உண்ண, உடுக்க, தங்க வழியில்லை! அந்த உதவி படிப்புக்கு மட்டுமே. பெற்றோரையும் குடும்பத்தையும் தாங்க வேண்டியவர், சலவைச்சாலையிலே ஆவியிடையே நின்று பிறர் துணியை வெளுத்துக் கூலி வாங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கூலி அரிசிக்கும் வாடகைக்கும் போக, அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்ட மிச்சமாகுமா? ஆகவில்லை. இடம் அங்கேயே கிடந்தது. அகஸ்டா ஹார்லெமிலேயே கிடந்தார்.

தோழர்களே! இந்த இரண்டு தோல்விகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1923இல் தடுத்தது வெறுப்பு. அதை எதிர்த்து எழுதலாம், பேசலாம், ஊரைக் கூட்டலாம். 1925இல் தடுத்தது எது? யாரும் வெறுக்கவில்லை, யாரும் மறுக்கவில்லை, வாழ்த்திக்கூட அழைத்தார்கள். ஆனால், கலை பயில வருபவர் தந்தை வீட்டுப் பணத்தில் உண்பவராகத்தான் இருப்பார் என்று, சொல்லாமலே ஓர் எண்ணம் அந்த உதவியின் அடியிலே படிந்திருந்தது. சோறு போடாத கல்விக் கொடை, சோறு உள்ளவனுக்கே போய்ச் சேரும். கூப்பர் யூனியன் செய்ததையும் ரோம் செய்யாததையும் ஒப்பிட்டால் இது விளங்கும். வெறுப்பைவிட இந்த மறதி நாகரிகமானதுதான். பலன் மட்டும் ஒன்றே.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. ஹார்லெம் தெருவிலே தொப்பியைச் சாய்த்து அணிந்து, உலகத்தை ஓரக்கண்ணால் அளந்துகொண்டு திரியும் ஒரு சிறுவனின் தலையை அகஸ்டா வடித்தார். ‘காமின்’ என்று பெயர். தெருப்பையன் என்பது அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பொருள். வெண்கலத்தில் வார்க்கப் பணமேது? சுண்ணச்சாந்தில் வடித்து, வெண்கலம்போல் வண்ணம் தீட்டினார். அந்தத் தெருப்பையன்தான் கடலைக் கடக்கப் பாலம் போட்டான். 1929இல் ஜூலியஸ் ரோசன்வால்ட் நிதி அவருக்கு ஆய்வுநல்கை வழங்கிற்று. படிப்புக்கு மட்டுமன்று, பாரிசிலே வாழ்வதற்கும். பயணத்துக்கும் உடைக்கும் ஹார்லெம் மகளிர் சங்கங்களும் புளோரிடாவின் கறுப்பின ஆசிரியர்களும் பணம் திரட்டித் தந்தனர். ஏழைகள் போட்ட காசு அது. ஆறாண்டுக்கு முன் அடைத்த கதவு வழியாக அல்ல, வேறு வழியாக அகஸ்டா பிரான்சு போய்ச் சேர்ந்தார். அவருடைய படைப்புகள் பாரிஸ் கண்காட்சிகளில் இடம்பெற்றன.

ரோசன்வால்ட் யார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அஞ்சல் வழியே ஊசி முதல் உழவுக்கருவி வரை விற்ற சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் தலைவர். ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளை. தென் மாநிலங்களிலே கறுப்பினக் குழந்தைகளுக்கென ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழ அவருடைய பணம் துணைநின்றது. ஒவ்வொரு பள்ளிக்கும் அந்தந்த ஊர் மக்களும் காசாகவும் உழைப்பாகவும் பங்கு தந்தார்கள். 1917இல் அமைத்த நிதியிலிருந்து 1928 முதல் தனியாட்களுக்கு நல்கை வழங்கத் தொடங்கினர். இசைவாணி மரியன் ஆண்டர்சன், கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், நாவலாசிரியர் ரால்ஃப் எலிசன், நிழற்படக் கலைஞர் கார்டன் பார்க்ஸ் என்று அந்தப் பட்டியல் நீளும்.

வியப்பான ஒன்று உண்டு. தம் நிதி நிலைத்து நிற்கக்கூடாது என்றார் அவர்! தாம் இறந்த இருபத்தைந்து ஆண்டுக்குள் முதல் உட்பட முழுவதையும் செலவிட்டு, கடையைக் கட்டிவிட வேண்டும் என்று விதித்தார். 1932இல் அவர் மறைந்தார், 1948இல் நிதி தீர்ந்தது, அலுவலகத்தை மூடினார்கள். கொடை என்றாலே ‘சந்திராதித்தர் உள்ளவரை’ என்று கல்லிலே வெட்டிவைத்த நாட்டினர் நாம். கல் நின்றது, நிலமும் நின்றது, பயன் யாருக்குப் போயிற்று என்பதைக் கண்டும் இருக்கிறோம். ஆகவே இந்த வணிகரின் விதியை நான் மதிக்கிறேன். ஆயினும் ஒன்று: வள்ளல் நல்லவராக வாய்த்தது அகஸ்டாவின் நற்பேறு. வாய்க்காவிட்டால்? உரிமையை நற்பேற்றின் கையில் விடலாமா?

இந்த வினாவுக்குச் சிறிது காலம் ஓர் அரசு விடை கூறிற்று. பெருமந்தம் அமெரிக்காவை வாட்டிய நாள்கள். வேலையிழந்தோர் கோடிக்கணக்கில். அவர்களுக்கு வேலை கொடுக்கும் திட்டத்தின் பகுதியாக, ரூஸ்வெல்ட் ஆட்சி 1935இல் கூட்டரசுக் கலைத் திட்டத்தைத் தொடங்கிற்று. சாலை போடுபவனுக்குக் கூலி உண்டு. சுவரோவியம் தீட்டுபவனுக்கும் கூலி உண்டு! பரிசு அல்ல, பிச்சை அல்ல, வாரக்கூலி. கலைஞனைக் கையேந்துவோன் என்ற நிலையிலிருந்து தொழிலாளி என்ற நிலைக்கு உயர்த்திய திட்டம் அது.

திட்டம் வந்துவிட்டதால் நீதியும் உடன் வந்துவிட்டதா? அதற்கும் போராட வேண்டியிருந்தது. 1935இல் ஹார்லெம் கலைஞர் சங்கம் அமைந்தது. அதை உருவாக்கியோரில் அகஸ்டாவும் ஒருவர். கறுப்பினக் கலைஞர்களை அதிக அளவில் சேர், மேற்பார்வைப் பொறுப்பிலும் அமர்த்து என்று சங்கம் முழங்கிற்று. 1936இல் ஹார்லெம் மருத்துவமனைச் சுவர்களுக்குச் சார்லஸ் ஆல்ஸ்டனும் தோழர்களும் வரைந்த திட்டப் படங்களை மருத்துவமனையின் மேலதிகாரி ஏற்க மறுத்தார். கறுப்பர்கள் அதிகமாகத் தெரிகிறார்களாம்! இன்னும் இருபத்தைந்து ஆண்டில் ஹார்லெம் கறுப்பர் பகுதியாக இல்லாமற் போகலாமாம்! கலைஞர்கள் கிளர்ந்தனர், ஏடுகள் எழுதின, ஓவியங்கள் சுவரேறின.

1937இல் திட்டத்தின் சார்பில் ஹார்லெம் சமுதாயக் கலை மையம் திறக்கப்பட்டபோது, அதன் முதல் இயக்குநர் அகஸ்டா. அதற்கு முன்பே அவர் தம் கலைக்கூடத்தைத் திறந்துவைத்து, வந்தவர்க்கெல்லாம் கற்றுத் தந்துகொண்டிருந்தார். அங்கே பழகியவர்களில் ஓர் இளைஞர் ஜேக்கப் லாரன்ஸ். 1917இல் பிறந்தவர், தாய் வீட்டுவேலை செய்து வளர்த்தார், பதின்மூன்று வயதில் ஹார்லெம் வந்தவர், அரசின் இளைஞர் முகாமிலே மண்வெட்டிப் பார்த்தவர். படம் வரைவது பிழைப்பாகும் என்ற நம்பிக்கை அந்தப் பிள்ளைக்கு இல்லை.

அகஸ்டா அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு கலைத் திட்ட அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி ஏட்டைப் பார்த்தார். வயது இருபத்தொன்று ஆகவில்லை, இடமில்லை. திரும்பினர். லாரன்ஸ் அதோடு அதை மறந்துவிட்டார். அகஸ்டா மறக்கவில்லை! ஓராண்டு கழிந்தது. ஒருநாள் வந்து நின்றார். வா, இருபத்தொன்று ஆகிவிட்டது என்று மீண்டும் அதே அலுவலகத்துக்கு இழுத்துச் சென்றார். 1938இல் லாரன்ஸுக்கு வேலை கிடைத்தது: வாரம் 23 டாலர் சொச்சம், படம் வரைவதற்கு. அந்த அம்மையார் அன்று விடாப்பிடியாக நிற்காதிருந்தால் தாம் ஓவியராகியிருக்க மாட்டோம் என்று லாரன்ஸ் பிற்காலத்தில் சொன்னார்.

பதினெட்டு மாதம் அந்தக் கூலி நீடித்தது. பிறகு, 1940இல், அதே ரோசன்வால்ட் நிதியிடமிருந்து லாரன்ஸுக்கு 1,500 டாலர் நல்கை. 125ஆம் தெருவிலே ஒரு வேலைக்கூடத்தை வாடகைக்குப் பிடித்தார். தென்னகத்தின் கொடுமையிலிருந்து தப்பி வடக்கே தொழிற்சாலை நகரங்களுக்குப் பெயர்ந்த கறுப்பின மக்களின் வரலாற்றை, நூலகத்தில் மாதக்கணக்கில் படித்து, 60 பலகைகளில் தீட்டினார். ஒவ்வொரு பலகையாக முடிக்கவில்லை. அறுபதையும் ஒருசேரப் பரப்பி, ஒரு வண்ணத்தை அறுபதிலும் இட்டு முடித்து, அடுத்த வண்ணத்தை எடுத்தார். முதற்படத்தின் கறுப்பும் கடைசிப் படத்தின் கறுப்பும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதற்காக. அறுபது பலகையை விரித்துப்போட இடம் வேண்டுமே, அந்த இடத்துக்குத்தான் நல்கை. உடனிருந்து உதவியவர் குவெண்டலின் நைட். அவரும் அகஸ்டாவின் மாணவியே. 1941இல் லாரன்ஸை மணந்தார். அந்த ஆண்டிலேயே தொடர் முடிந்தது. மறு ஆண்டு இரண்டு அருங்காட்சியகங்கள் அதைப் பங்கிட்டு வாங்கின: இரட்டை எண் படங்கள் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு, ஒற்றை எண் படங்கள் வாஷிங்டன் பிலிப்ஸ் காட்சியகத்துக்கு. இன்றும் அவை அங்கேயே உள்ளன.

மாணவருக்குச் சுவர் கிடைத்தது. ஆசிரியைக்கு?

1939ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்குச் சிலை செய்ய அகஸ்டா அழைக்கப்பட்டிருந்தார். அங்கே அத்தகைய பணி பெற்ற கறுப்பினப் பெண் அவர் ஒருவரே. மையத்தின் பொறுப்பிலிருந்து விடுப்பெடுத்து உழைத்தார். பதினாறு அடி உயரத்தில் ஒரு யாழ். நரம்புகளின் இடத்திலே, உயரம் படிப்படியாகக் குறையும் பன்னிரண்டு கறுப்பின இளைஞர்கள் நின்று பாடுகின்றனர். யாழின் அடித்தண்டு, கடவுளின் கை. (ஆம், கடவுளின் கைதான், மதபோதகரின் மகளல்லவா!) இலட்சக்கணக்கானோர் பார்த்தனர், படம் பிடித்தனர், அஞ்சலட்டையும், உலோகத்தில் வார்த்த கையடக்கச் சிறு யாழும் நினைவுப் பொருளாக வாங்கிப் போயினர்.

சிலையைச் செய்யப் பணம் தந்தவர்கள், அதை நிலைக்கச் செய்யப் பணம் தரவில்லை. பெரிய யாழும் சுண்ணச்சாந்துதான். வெண்கலத்தில் வார்க்க நிதியில்லை. எடுத்துச்சென்று பாதுகாக்க இடமுமில்லை. விடுப்பு முடிந்து திரும்பியபோது கலை மையத்திலும் அவருடைய நாற்காலியில் வேறொருவர் அமர்ந்திருந்தார். சொந்தமாக ஒரு காட்சிக்கூடம் திறந்தார்; அது நீடிக்கவில்லை. பிறகு நகரை விட்டு விலகி, சாகர்டீஸ் எனும் ஊரின் பண்ணைப்புறத்திலே வாழ்ந்து, 1962இல் மறைந்தார்.

1940இல் கண்காட்சி முடிந்ததும், மற்றக் கொட்டகைகளோடு சேர்த்து அந்தப் பதினாறு அடி யாழையும் இடித்து நொறுக்கிவிட்டார்கள். எஞ்சியவை, அன்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கடையிலே சில்லறை கொடுத்து வாங்கி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போன சிறு யாழ்களே.