தந்தம் சுமந்த தோள்கள்

பழைய பியானோ ஒன்றை நாடு விட்டு நாடு கொண்டு செல்வோரிடம், எல்லையில் அதன் இசையின் இனிமை பற்றி எவரும் வினவுவதில்லை. அதன் 52 வெள்ளைக் கட்டைகள் எதனால் ஆனவை என்பதே வினா. பிளாஸ்டிக் தகடாயின் ஒரே துண்டாக வழவழப்பாய் இருக்கும். யானைத் தந்தமாயின், மரக்கட்டையின்மேல் இரு மெல்லிய துண்டுகள் ஒட்டப்பட்டு, இடையே மயிரிழை போன்ற இணைப்புத் தெரியும். கூர்ந்து நோக்கினால் நுண்ணிய ரேகைகளும் தென்படும்.

இவ்வினாவுக்குப் பின்னால் ஒரு சட்ட வரலாறு உண்டு. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1973இல் வாஷிங்டனில் கையெழுத்தாகி, 1975இல் நடைமுறைக்கு வந்தது. 1989இல் லோசான் நகரில் கூடிய அதன் மாநாடு ஆப்பிரிக்க யானையை முதற் பட்டியலில் சேர்த்தது. 1990 முதல் பன்னாட்டுத் தந்த வணிகம் பொதுவில் தடைப்பட்டது. 2013இல் பாங்காக் மாநாடு, கலைஞர் தம்முடன் எடுத்துச் செல்லும் இசைக்கருவிகளுக்கெனத் தனிச் சான்றிதழ் ஒன்றை வகுத்தது. அமெரிக்கா 2016இல் வகுத்த விதிப்படி, அவ்வாறு கொண்டுவரப்படும் கருவியிலுள்ள ஆப்பிரிக்கத் தந்தம் 1976 பிப்ரவரி 26க்கு முன்னரே முறையாகப் பெறப்பட்டதாக இருத்தல் வேண்டும். விற்பனைக்காகக் கொண்டுவருதல் கூடாது.

இக்கேள்விகளுள் ஒன்றேனும் அக்கருவிகள் உருவான காலத்தில் எழவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டீப் ரிவர், ஐவரிடன் என இரு சிற்றூர்கள் உள்ளன. 19ஆம் நூற்றாண்டில் பியானோ இல்லந்தோறும் விரும்பப்பட்டபோது, தந்தத்தை அறுத்துக் கட்டைகளுக்குத் தகடாக்கும் தொழில் அங்கே செழித்தது. தகடுகளைக் கண்ணாடிக் கூடங்களில் அடுக்கி, வெயிலில் வெளுக்க வைத்தனர். டீப் ரிவரில் தந்தத் தொழிலை வளர்த்தோருள் ஒருவர் ஜார்ஜ் ரீட்; பாப்திஸ்து சபையில் டீக்கன்; அடிமை முறையை உறுதியுடன் எதிர்த்தவர். தென் மாநிலத்தினின்று தப்பி வந்த டேனியல் ஃபிஷர் என்பவருக்கு அவர் அடைக்கலம் தந்தார். ஃபிஷர், வில்லியம் விண்டர்ஸ் என்னும் புதுப் பெயருடன் அவ்வூரிலேயே வாழ்ந்தார்.

அவ்வூர்த் தொழிலகங்கள் நாடிய தந்தமோ, கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார்த் தீவு வழியாகக் கப்பலேறியது. உள்நாட்டிலிருந்து கடற்கரைவரை பல நூறு மைல்கள் அதைச் சுமந்தவை மனிதத் தோள்களே. பெரிய தந்தமொன்று 30 கிலோவுக்கும் மேல் கனக்கும். சுமந்தோருள் கூலிக்கு வந்த நியாம்வெசி மக்களும் உண்டு; ஊரெரித்துப் பிடித்துவரப்பட்ட அடிமைகளும் உண்டு. சான்சிபார் அடிமைச் சந்தை 1873இல்தான் மூடப்பட்டது. தந்தச் சுமைகள் வந்திறங்கிய பாகமோயோ துறையிலேயே, 1868இல் தூய ஆவி சபைக் குருக்கள் மறைப்பணித்தளம் அமைத்து, மீட்கப்பட்ட அடிமைகளுக்கென ஒரு குடியிருப்பையும் ஏற்படுத்தினர். ஒரே கரையில் சுமையும் விடுதலையும் அருகருகே நின்றன.

ஜார்ஜ் ரீடைப் போலி என்று பழிக்க நமக்கு உரிமையில்லை. தம் வாசலில் வந்து நின்ற அடிமையை அவர் சகோதரனாகவே கண்டார். கடலுக்கு அப்பால் தந்தம் சுமந்தவனோ அவர் கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருந்தான். கண்முன் நிற்கும் துயருக்கு இரங்கும் நெஞ்சு, தொலைவிலுள்ள துயரின் பயனை அறியாமலே துய்க்கக்கூடும். அவரது வாழ்வு உணர்த்தும் பாடம் இதுவே.

இன்றைய சான்றிதழ் யானையின் இனத்தைக் கேட்கிறது. தந்தம் பெறப்பட்ட காலத்தைக் கேட்கிறது. நன்று, அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினத்துக்கு அக்காவல் தேவை. ஆயினும் சுமந்தவன் பெயரை எழுத அதில் இடமில்லை. தகட்டைப் பெயர்த்துப் பிளாஸ்டிக்கைப் பதித்தால் கருவி எல்லையைக் கடந்துவிடும். அவன் கடந்துவந்த வழியை மட்டும் எவராலும் பெயர்த்தெடுக்க இயலாது. அன்பு வாசகரே, நம் இல்லங்களை அழகு செய்யும் பொருள்கள் எவர் தோள்களில் ஏறி வந்தன என்று, எந்தச் சுங்க அதிகாரியும் கேளாத போதும் நாம் கேட்போமா?