முழங்காலுக்குள் எட்டிப் பார்த்த கதை

விளையாடும்போது முழங்கால் திருகிக்கொண்டால் 'ஜவ்வு கிழிந்திருக்குமோ?' என்பதுதான் முதல் பயம். இன்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு இது அவ்வளவு சுலபமாக இல்லை. 1895ல் ராண்ட்ஜென் கண்டுபிடித்த எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டியது, ஜவ்வைக் காட்டவில்லை. நேரில் பார்க்க வேண்டுமானால் மூட்டையே கீறித் திறக்க வேண்டும்.

இதற்கு வழி தேடியவர்களில் முக்கியமானவர் ஜப்பானின் கென்ஜி டகாகி. அக்காலத்தில் அங்கே காசநோய் பலரது முழங்காலைத் தாக்கி, மடக்க முடியாமல் செய்தது. தரையில் மண்டியிட்டு அமரும் மக்களுக்கு இது பெரும் துன்பம். நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க விரும்பிய அவர், 1918ல் சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாய்க் கருவியை இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். 1921ல் சுவிட்சர்லாந்தின் ஆய்கன் பிர்ஷரும் இதே போன்ற முறையில் மூட்டுக் காயங்களை ஆராய்ந்து எழுதினார்.

டகாகியின் மாணவர் மசாகி வட்டநாபே அடுத்த படியைத் தாண்டினார். அவர் உருவாக்கிய 21ஆம் எண் கருவி புகழ்பெற்றது. 1962ல் ஓர் இளம் கூடைப்பந்து வீரரின் கிழிந்த ஜவ்வுப் பகுதியைச் சிறு துளை வழியாகவே வெட்டி எடுத்தார். 1964ல் டோக்கியோ சென்ற கனடா மருத்துவர் ராபர்ட் ஜாக்சன் அவரிடம் இக்கலையைக் கற்று வட அமெரிக்காவில் பரப்பினார்.

இதன் பலனை உலகமே பார்த்த ஆண்டு 1984. அமெரிக்க ஓட்ட வீராங்கனை ஜோன் பெனாய்ட், நுண்துளை அறுவை சிகிச்சை முடிந்த 17 நாட்களில் ஒலிம்பிக் தகுதி மாரத்தானில் வென்றார். ஆகஸ்டில் தங்கப் பதக்கமும் பெற்றார்!

1980களில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பரவியது. துளை கூட இல்லாமல் ஜவ்வைப் பார்க்க முடிந்தது. ஆனால் இங்கேதான் ஒரு சிக்கல். 2008ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஸ்கேனில் ஜவ்வு கிழிந்திருந்த நடுத்தர வயதினர், முதியோரில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்கால் வலியே இல்லை! அப்படியானால் கிழிசல்தான் வலிக்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது?

அதற்கு முன்பே, 2002ல், மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தார்கள். உண்மையான சிகிச்சை பெற்றவர்கள் அவர்களைவிட அதிகம் குணமடையவில்லை. அடிபடாமல் வயதால் கிழிந்த ஜவ்வுக்கும் இதே நிலைதான் என்று 2013ல் பின்லாந்து ஆய்வு காட்டியது.

அடிபட்டு மூட்டு பூட்டிக்கொண்ட இளைஞருக்கு நுண்துளை சிகிச்சை இன்றும் பெரும் வரம். தேய்ந்த மூட்டுக்கோ பெரும்பாலும் உடற்பயிற்சியே முதல் மருந்து. உள்ளே பார்க்கக் கற்றுக்கொள்ள மருத்துவத்துக்குப் பல ஆண்டுகள் ஆயின. பார்த்ததையெல்லாம் வெட்ட வேண்டியதில்லை என்று கற்க இன்னும் சில ஆண்டுகள் ஆயின.