தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைகள்

சுரண்டை வட்டாரத்தில் பழைய தலைமுறைப் பெயர்களைக் கேட்டால் பிச்சையா, பிச்சம்மாள், குப்பம்மாள், மூக்கையா, மூக்கம்மாள் என்று வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு தாயின் பயம் இருந்தது.

அடுத்தடுத்துப் பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில் மறுபடி ஒரு குழந்தை பிறக்கும். பெற்றவள் அதை மடியில் போட்டுக் கொஞ்சத் துணிய மாட்டாள். குழந்தையை முறத்தில் கிடத்தித் தெருக்கோடிக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோய் ஒரு புரட்டுப் புரட்டி எடுப்பார்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரியின் கையில் கொடுத்து, “இனி இது உன் பிள்ளை” என்பார்கள். அவள் சற்று நேரம் வைத்திருப்பாள். பெற்றவள் ஒரு படி தவிடு கொண்டுவந்து அளந்து போட்டுத் தன் பிள்ளையைத் தானே விலைக்கு வாங்கிக்கொள்வாள். மாட்டுக்குப் போடும் தவிட்டுக்கு வாங்கிய உயிரை எமன் எதற்குச் சீந்தப் போகிறான்! ஆண் பிள்ளைக்கும் மூக்குக் குத்துவது அதே கண்கட்டுதான். இன்றும் அடம்பிடிக்கும் பிள்ளையிடம் “உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்” என்று அக்காமார் சீண்டுகிறார்கள். குழந்தையும் முகம் சுண்டிப்போய் அம்மாவிடம் ஓடுகிறது.

இந்தச் சடங்கில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பெற்றவள் யார், சற்று நேரம் வைத்திருந்தவள் யார் என்பது தெருவுக்கே தெரியும். உறவுக்குள் எடுத்து வளர்ப்பதும் அப்படித்தான். அண்ணன் வீட்டில் ஐந்து பிள்ளைகள், தங்கைக்கு ஒன்றும் இல்லை என்றால் ஒன்று இங்கே வந்துவிடும். பத்திரமும் கிடையாது, ஒளிவுமறைவும் கிடையாது. வளர்த்தவளை ‘அம்மா’ என்றும் பெற்றவளை ‘அத்தை’ என்றும் அழைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை இரண்டு வீட்டிலும் சோறு தின்று வளரும். பிள்ளை கைமாறும், அது எங்கிருந்து வந்தது என்ற நினைவு மாறாது. குழந்தைகள் வெளிநாட்டுக்குக் கப்பலிலும் விமானத்திலும் போகத் தொடங்கிய பிறகு அறுந்துபோனது இந்த நினைவுதான்.

ஏட்டில் இருந்த ‘சுவீகாரம்’ வேறு வகை. சாஸ்திர முறைப்படி ஆண் பிள்ளையை மட்டுமே தத்தெடுக்கலாம். கொள்ளி வைக்கவும் சொத்தைக் காக்கவும் ஓர் ஆண் வேண்டும் என்பதே அதன் நோக்கம். ராமநாதபுரம் சமஸ்தானத்தில் விதவை ராணி எடுத்த சுவீகாரம் செல்லுமா என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கணவனுடைய பங்காளிகள் சம்மதித்தால் விதவையும் தத்தெடுக்கலாம் என்று 1868-ல் தீர்ப்பு வந்தது. அந்தப் பெரிய சட்டப் போரில் ஒரு பெண் குழந்தைக்கு இடமே இல்லை.

பெற்றவர்களும் இல்லாமல், எடுத்துக்கொள்ள உறவும் இல்லாமல் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகத் தெருவில் நின்றது தாது வருஷப் பஞ்சத்தில். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய அந்தப் பஞ்சத்தில் அரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மிஷன்களின் அநாதை விடுதிகள் பெருகியது அப்போதுதான். நெல்லைச் சீமையின் நாசரேத்தில் மிஷனரி கனன் மர்காசிஸ் பஞ்சத்துப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துச் சோறு போட்டதோடு, 1878-ல் தொழிற்பள்ளியும் தொடங்கினார். தென் மாவட்ட மிஷன் விடுதிகளுக்குச் சீமையிலிருந்து பணம் வரும். ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவை ஏற்கும் ஆங்கிலேயர், அந்தப் பிள்ளைக்குத் தாம் விரும்பும் பெயரை வைக்கச் சொல்லும் வழக்கமும் இருந்தது. கடல் கடந்த தத்து நம் பக்கம் முதலில் வந்த கோலம் இதுதான். பிள்ளை இங்கேயே இருந்தது. பெயரும் பணமும் கடல் தாண்டி வந்தன.

சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷன் சபையார் 19-ம் நூற்றாண்டில் நெல்லைச் சீமையைப் பல மிஷன் வட்டாரங்களாகப் பிரித்திருந்தார்கள். வடக்கே சுரண்டை, தெற்கே மலையடிவாரத்தில் டோனாவூர், கிழக்கே பண்ணைவிளை என்று ஒரே பட்டியலில் வரும் ஊர்கள் இவை. டோனாவூர் என்ற பெயரே கடல் கடந்த பெயர். நெல்லைச் சீமையில் ஊழியம் செய்த மிஷனரி ரேனியஸ் ஐயருக்குப் பண உதவி செய்த ஜெர்மானியப் பிரபு டோனாவின் நினைவாக வைத்தது. அந்த ஊருக்குத்தான் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் வந்து சேர்ந்தார்.

வட அயர்லாந்தின் மில்ஐல் கிராமத்தில் 1867-ல் பிறந்தவர் ஏமி. தகப்பனார் இறந்த பிறகு, ராபர்ட் வில்சன் என்ற முதியவர் அவரைத் தம் வீட்டில் மகளாக வைத்துக்கொண்டார். ஏமியும் ‘வில்சன்’ என்ற பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். வளர்ப்பு மகளாக இருந்த ஒருத்திதான் பின்னாளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயானாள் என்பதை அவருடைய வாழ்க்கையைச் சொல்பவர்கள் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அதை நின்று பார்க்க வேண்டும்.

1901 மார்ச் மாதம். பெருங்குளத்துக் கோயில் தாசிகளின் வீட்டிலிருந்து தப்பி ஓடிவந்த ஏழு வயதுச் சிறுமி பிரீனா, அப்போது பண்ணைவிளையில் இருந்த ஏமியின் முன்னால் வந்து நின்றாள். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதற்காகச் சிறு பெண்கள் கைமாறுவதை ஏமி அந்தக் குழந்தையின் வாயால்தான் விவரமாகக் கேட்டார். அதன்பின் அவருடைய வேலையே மாறியது. 1904-ல் கைக்குழந்தைகளும் வரத் தொடங்கின.

கைக்குழந்தையை வளர்ப்பது பிரசங்கம் செய்வது போல அல்ல. இன்னொருத்தி பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்க ஊர்ப் பெண்கள் முன்வரவில்லை. மாட்டுப் பால் பல குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இந்திரநீலா என்று ஏமி ஆசையோடு பெயரிட்ட குழந்தை 1905 ஜனவரியில் இறந்தது. மருத்துவமனை அருகில் இருக்க வேண்டும் என்பதற்காக நெய்யூரில் ஒரு குழந்தைகள் காப்பகம் வைத்தார்கள். அதைத் தூக்கி நிறுத்தியவர் பொன்னம்மாள் என்ற இளம் விதவை. பால் காய்ச்சுவதும் புட்டி கழுவுவதும் இரவெல்லாம் விழித்திருப்பதும் அவர் பொறுப்பு. அவர் 1913-ல் இறந்தபோது டோனாவூர் தன் இன்னொரு தாயை இழந்தது. ஏமியின் புகழில் பொன்னம்மாளின் பங்கு இன்னும் சரியாக அளந்து சொல்லப்படவில்லை.

டோனாவூரின் சிறப்பு அதன் முறைச்சொற்களில் இருக்கிறது. ஏமியைப் பிள்ளைகள் நெல்லைப் பேச்சு வழக்கில் ‘அம்மை’ என்றார்கள். வெளிநாட்டிலிருந்து ஊழியத்துக்கு வந்த பெண்கள் ‘சித்தி’, ஆண்கள் ‘அண்ணாச்சி’, வளர்ந்த தமிழ்ப் பெண்கள் ‘அக்காள்’. அயர்லாந்துக்காரியும் இங்கிலாந்துக்காரரும் தமிழ் உறவுமுறைக்குள் வந்தாக வேண்டியிருந்தது. பிறந்த நாள் தெரியாத குழந்தைக்கு, வந்து சேர்ந்த நாளே கொண்டாட்டம். பிள்ளைகளைத் தத்துக் கொடுத்து அனுப்பவும் இல்லை. அந்த வளாகமே குடும்பம். 1918 முதல் ஆண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள்.

ஆனால் பெற்றவள் வந்து கேட்டால்? அந்தச் சங்கடமும் வந்தது. முத்தம்மாள் என்ற சிறுமியை அவளுடைய தாய் திரும்பக் கேட்டாள். பெண்ணுக்குச் சொத்து இருந்தது, அதன்மேல் உறவினர்களுக்குக் கண் என்பது டோனாவூரின் வாதம். தாயிடம் ஒப்படைக்கும்படி 1911-ல் நீதிமன்றம் உத்தரவிட்டது. கெடு முடிவதற்குள் சிறுமி ஓர் இரவில் காணாமல் போனாள். ஆண் பிள்ளை வேடத்தில் கப்பலேற்றப்பட்டு, கொழும்பு வழியாகச் சீனா வரை போய், அங்கே ஒரு மிஷனரி குடும்பத்தில் வளர்ந்தாள். பல ஆண்டுகளுக்குப் பிறகு, டோனாவூரில் ஊழியம் செய்த அருள்தாசனை மணந்து திரும்பி வந்தாள். அவள் நன்றாக வாழ்ந்தாள் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் தீர்ப்பு கையில் இருந்தும் மகள் கிடைக்காமல் போன அந்தத் தாயின் பக்கத்திலிருந்து இந்தக் கதையை யாரும் எழுதவில்லை. அது எழுதப்படாமல் கிடப்பது நியாயம் இல்லை.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் 1947-ல் நிறைவேறியது. 1956-ல் வந்த இந்து தத்தெடுப்புச் சட்டம்தான் பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்றது. சுரண்டைப் பக்கத்தில் அதற்குள்ளும் ஒரு வேலி இருந்தது. இங்கே ஒரே தெருவில் இந்துக் குடும்பமும் கிறிஸ்தவக் குடும்பமும் அடுத்தடுத்த வீட்டில் இருக்கும். ஒரே கொடிவழியில்கூட இரண்டும் உண்டு. பிள்ளையில்லாத இந்துத் தம்பதி சட்டப்படி அப்பா அம்மா ஆகலாம். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவத் தம்பதிக்கோ 1890-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ‘பாதுகாவலர்’ பட்டம்தான் கிடைத்தது. பிள்ளை மேஜரானதும் அந்த உறவு காகிதத்தில் முடிந்துபோனது. எல்லா மதத்தாருக்கும் பொதுவான தத்தெடுப்பு மசோதா 1972-லும் 1980-லும் வந்து நிறைவேறாமல் போனது. இளஞ்சிறார் நீதிச் சட்டமும் அதன் 2006-ம் ஆண்டுத் திருத்தமும் வந்த பிறகே அந்த வேலி சாய்ந்தது. எந்த மதத்தவரும் அந்தச் சட்டத்தில் தத்தெடுக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அதே ‘பாதுகாவலர்’ வழியில்தான் வெளிநாட்டுத் தம்பதிகள் இந்தியக் குழந்தைகளை அழைத்துப் போனார்கள். இங்கே நீதிமன்றத்தில் பாதுகாவலர் உத்தரவு; அவர்கள் ஊர் நீதிமன்றத்தில் தத்து. நடுவில் யார் எவ்வளவு கைமாற்றினார்கள் என்று கேட்க ஆளில்லை. லட்சுமிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே மனுவாக ஏற்று நீதிபதி பி.என். பகவதி 1984 பிப்ரவரி 6-ல் கொடுத்த தீர்ப்புதான் முதல் கரை கட்டியது. முதலில் இந்தியக் குடும்பம் தேட வேண்டும், கிடைக்காவிட்டால்தான் வெளிநாடு, அதுவும் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் வழியாக. 1990-ல் ‘காரா’ என்ற மத்திய தத்தெடுப்பு ஆணையம் பிறந்தது. 1993-ம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தை இந்தியா 2003-ல் ஏற்றது.

கரை கட்டிய பிறகும் உடைப்பு நின்றபாடில்லை. 1990-களின் இறுதியில் சென்னையில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் திருடப்பட்டார்கள். பெற்றோர் கைவிட்டதாகக் காகிதம் தயாரித்து வெளிநாட்டுத் தம்பதிகளுக்கு அவர்களைக் கொடுத்தது 2005-ல் வெளிப்பட்டது. பிள்ளை எந்த நாட்டில் யார் வீட்டில் வளர்கிறது என்று தெரிந்த பிறகும், பெற்றவர்களால் அதைத் தொட முடியவில்லை. அங்கே அதை வளர்த்தவர்களும் நம்பி வாங்கியவர்கள்தான். அநாதைக் குழந்தை என்று எண்ணி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, தொட்டில் வாங்கி வைத்து, அறைக்கு வண்ணம் பூசி அழைத்துப் போனவர்கள். ஒரே பொய்க் காகிதம் இரண்டு வீட்டையும் எரித்தது.

இலங்கையின் கணக்கு இன்னும் பெரியது. 1970, 80-களில் ஏறத்தாழ 11,000 குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனதாகச் சொல்கிறார்கள். பெற்றவளைப் போல நடிக்கக் கூலிக்குப் பெண்களைப் பிடித்து, அவர்கள் கையால் குழந்தையைக் கொடுக்க வைத்த கதைகள் 2017-ல் ஒரு டச்சுத் தொலைக்காட்சி விசாரணையில் வெளிவந்தன. வளர்ந்து ஆளாகித் தாயைத் தேடி வந்தவர்கள், கட்டிப்பிடித்து அழுதவர்கள், மரபணுச் சோதனையில் அவள் தாயில்லை என்று அறிந்தார்கள். நெதர்லாந்து 2021-ல் வெளிநாட்டுத் தத்தை நிறுத்தி வைத்தது. சீனாவும் 2024-ல் வெளிநாட்டவருக்குத் தன் கதவை மூடிவிட்டது.

இந்தியாவில் 2024-25-ல் நடந்த 4,515 தத்துகளில் 4,155 உள்நாட்டில்தான். இதற்காக இன்று சுரண்டைக்காரர் சென்னைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டாம். சுரண்டை இருக்கும் தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. 2022 செப்டம்பர் முதல் தத்து உத்தரவு போடும் அதிகாரம் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாறியது. இணையத்தில் பதிவு, வீட்டுக்கு வந்து விசாரித்து எழுதும் அறிக்கை, பிறகு காத்திருப்பு. மூன்று வருடத்துக்கு மேலும் ஆகிறது. ஒரு நாள் குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் திரையில் வரும். 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த இரண்டு நாளும் அந்த வீட்டில் உலை வைத்திருப்பார்களா என்பதே சந்தேகம்.

குழந்தையின் பக்கமும் காத்திருப்பு உண்டு. தாங்களே ஒப்படைத்த பெற்றோருக்கு மனம் மாற 60 நாள் அவகாசம். கண்டெடுத்த குழந்தையென்றால் நாளிதழில் அறிவிப்புப் போடுவார்கள். இரங்கல் விளம்பரத்துக்கும் டெண்டர் அறிவிப்புக்கும் நடுவில், கண் கூசி விழிக்கும் ஒரு சின்ன முகம். கண்டெடுத்த தேதி, இடம், வயது ஏறத்தாழ இத்தனை, உரிமை உள்ளவர்கள் அணுகவும் என்று நாலு வரி. பெரும்பாலும் யாரும் வருவதில்லை. அந்த நாலு வரியைக் குழந்தையின் கோப்பில் சேர்த்து வைக்கிறார்கள். 18 வயது ஆன பிறகு, தன் பூர்வீகத்தைத் தேடும் பிள்ளை கேட்டால் தேடிக் கொடுக்க விதியில் வழி இருக்கிறது.

ஏமி 1951 ஜனவரி 18-ல் இறந்தார். கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். டோனாவூரில் அவரைப் புதைத்த இடத்தில், மரங்களுக்கு அடியில், பறவைகள் நீர் குடிக்க ஒரு கல்தொட்டி மட்டும் வைத்திருக்கிறார்கள். அதில் ஊர், பேர், நாடு எதுவும் இல்லை. ‘அம்மை’ என்று மட்டும் வெட்டியிருக்கிறது.