வாஃபிள் சட்டியில் பிறந்த அடி

என் பழைய ஷூவின் குதிகால் வழுவழுவென்று தேய்ந்து, ஈரத் தரையில் வழுக்கிய பிறகுதான் புதுசு வாங்கினேன். தேய்த்ததில் பாதிப் பங்கு, போனில் எனக்குப் புதிதாகப் பிடித்த போக்கிமான் கோவுக்கு. 2016இல் வந்த விளையாட்டு; அதில் கிடைக்கும் சில முட்டைகள் பொரிய 10 கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

புது ஷூவைத் திருப்பினால், அடியில் சின்னச் சின்னக் கட்டங்கள். இவற்றின் பிறப்பிடம் ஓர் அடுப்பங்கரை. 1971இல் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழக ஓட்டப் பயிற்சியாளர் பில் போவர்மேன், கட்டம் கட்டமான வாஃபிள் பலகாரம் சுடும் மனைவியின் சட்டியில், ரப்பர் போன்ற யூரித்தேனை ஊற்றினார். சட்டி ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. ஆனாலும் அவர் விடவில்லை. ஆணி இல்லாமலே தரையைக் கவ்வும், எடை குறைந்த அடி அப்படித்தான் வந்தது.

இட்லித் தட்டைப் பாழாக்கினால் நம் வீட்டில் என்ன நடக்கும்? அந்த அம்மாளுக்கு மனதில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, காலையில் முட்டை பொரிக்கக் கிளம்பினேன்.