ஜெனிசி ஆற்றின் அமானிதம்

நம் பிள்ளைகள் பலர் இன்று அமெரிக்க நாட்டில் தொழில் புரிந்து வாழ்கின்றனர். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோர் நயாகரா அருவியைக் காணாது திரும்புவதில்லை. அவ்வருவியிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில், அதே நியூயார்க் மாநிலத்தில், லெச்வொர்த் மாநிலப் பூங்கா இருப்பதை அறிந்தோர் மிகச் சிலரே. பூங்கா என்றதும் மலர்ப் பாத்திகளை எண்ணிவிடலாகாது. 14,000 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில், ஆறும் அருவியும் காடுமாக மாநில அரசு மக்களுக்கெனப் பேணிவரும் நிலம் அது.

அதன் உயிர் ஜெனிசி ஆறு. பென்சில்வேனியா மாநிலத்தில் தோன்றி வடதிசை நோக்கி ஓடும் இந்த ஆறு, ராச்செஸ்டர் நகரைக் கடந்து ஒன்டாரியோ ஏரியில் கலக்கின்றது. பூங்காவின் எல்லைக்குள் ஏறத்தாழ 17 மைல் தொலைவுக்குப் பாறையை அறுத்துச் செல்கின்றது. சில இடங்களில் பள்ளத்தாக்கின் சுவர்கள் 550 அடி உயரம் நிமிர்ந்து நிற்கின்றன. மேற்குக் கரையின் விளிம்பையொட்டி 7 மைல் நீள நடைபாதை ஒன்று செல்கிறது. அதன் தென்பகுதியில் மூன்று பேரருவிகளையும் ஒன்றன்பின் ஒன்றாய்க் காணலாம். நடு அருவி மட்டும் 107 அடி உயரமுடையது. அதன் நீர்த்தூவலில் வெயில் படும்போது வானவில் தோன்றும். கிரேக்கர்தம் பழங்கதையில் வானவில்லுக்குரிய பெயர் ஐரிஸ். அருவிக்கு மேலுள்ள மாளிகை கிளென் ஐரிஸ் எனப் பெயர் பெற்றது அதனாலேயே.

அம்மாளிகையில் வாழ்ந்தவர் வில்லியம் பிரையர் லெச்வொர்த். குவேக்கர் எனும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் 1823-இல் பிறந்தவர். பஃபலோ நகரில் குதிரைச் சேணத்துக்குரிய இரும்புப் பொருள்களைச் செய்து விற்றுச் செல்வரானார். அவர் இவ்விடத்தை முதன்முதல் கண்ட காலத்தில், மரங்கள் பெரிதும் வெட்டப்பட்டு, அருவியின் ஆற்றலில் ஆலைகள் இயங்கிய நிலமாக இஃது இருந்தது. மேல் அருவிக்கருகே பள்ளத்தாக்கின் குறுக்கே 1852-இல் 234 அடி உயர மரப் புகைவண்டிப் பாலம் ஒன்று எழுந்திருந்தது. 1859-இல் நிலம் வாங்கத் தொடங்கிய அவர், ஆண்டுதோறும் மரக்கன்றுகளை நட்டுக் காட்டை மீட்டார்.

மண்ணைப் பேணியதோடு அவர் நின்றுவிடவில்லை. 1873-இல் மாநில அறநிலைய வாரியத்தில் உறுப்பினராகி, பின்னர் அதன் தலைவராகவும் பணியாற்றினார். அக்காலத்தில் அனாதைக் குழந்தைகள், முதியோரும் மனநோயாளரும் நெருங்கிக் கிடந்த ஏழையர் விடுதிகளிலேயே அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களை அங்கிருந்து மீட்க லெச்வொர்த் ஓயாது உழைத்தார். 3 வயதுக்கு மேல் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அவ்விடுதிகளுக்கு அனுப்பலாகாது என்னும் சட்டம் 1875-இல் வந்தது.

1898-இல் ஆற்றை மறித்து அணை கட்டி நீராற்றல் பெற விரும்பிய நிறுவனம் ஒன்று அரசின் உரிமம் பெற்றது. தம் வாழ்நாளுக்குப் பின் இந்த அருவிகளுக்கு யார் பொறுப்பு என்னும் கவலை முதியவரை வாட்டியது. தனியொருவரின் உடைமையாக இருக்கும்வரை நிலத்துக்குக் காப்பில்லை என்பதை உணர்ந்தார். தம் 1,000 ஏக்கரையும் மக்களுக்கே கொடையாக அளிக்க 1906-இல் முன்வந்தார். 1907-இல் மாநிலம் அதனை ஏற்றது. உயிருள்ளவரை அங்கு வாழும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்ட அவர், 1910 டிசம்பரில் மறைந்தார்.

இம்மட்டில் நிறுத்தினால் இஃது ஒரு வள்ளலின் வரலாறு. ஆயினும் நாம் அருவிக் கரையிலிருந்து மேட்டின்மேல் ஏறிச் சென்றால், அங்கே மற்றொரு வரலாறு காத்திருக்கிறது. மரக்கட்டைகளாலான பழைய மன்றம் ஒன்றும், அதனருகே முதுகில் மகவைச் சுமந்து நடக்கும் ஒரு பெண்ணின் வெண்கலச் சிலையும் அங்குள்ளன. அச்சிலையின் கீழே அப்பெண்ணே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

அவர் பெயர் மேரி ஜெமிசன். அயர்லாந்திலிருந்து புறப்பட்ட பெற்றோர் கடலில் பயணம் செய்கையில் கப்பலிலேயே பிறந்தவர். 1758-இல், பென்சில்வேனியாவில் இருந்த அவர்கள் வீட்டைப் பிரெஞ்சுக்காரரும் ஷானி குடியினரும் தாக்கினர். பெற்றோர் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 15 வயதினரான மேரியை, போரில் உடன்பிறப்பை இழந்திருந்த செனகா குடிச் சகோதரியர் இருவர் தம் தங்கையாக ஏற்றனர். செனகா மக்கள் ஜெனிசிப் பள்ளத்தாக்கின் தொன்மையான குடிகள். மேரி அவர்கள் மொழியையே தம் மொழியாகக் கொண்டு, மணம் புரிந்து, கைக்குழந்தையைச் சுமந்துகொண்டு நெடுவழி நடந்து இந்த ஆற்றங்கரையை அடைந்தார். மீண்டும் வெள்ளையரிடம் செல்ல வாய்ப்பு வந்தபோதும் செல்ல மறுத்தார்.

1779-இல், அமெரிக்க விடுதலைப் போரின் நடுவே, வாஷிங்டனின் ஆணைப்படி தளபதி சலிவன் பெரும்படையுடன் இந்நாட்டுக்குள் புகுந்தார். நாற்பதுக்கு மேற்பட்ட ஊர்கள் எரிக்கப்பட்டன. விளைந்து நின்ற சோளமும் பழமரங்களும் அழிக்கப்பட்டன. மேரி தம் பிள்ளைகளுடன் கார்டோ என்னும் ஆற்றோரச் சமவெளிக்கு வந்து சேர்ந்தார். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த கறுப்பர் இருவர் அங்கே பயிரிட்டிருந்தனர். அவர்களுக்குச் சோளக் கதிர் உரித்துக் கொடுத்து, பத்துச் சரத்துக்கு ஒரு சரம் கூலியாகப் பெற்று, அக்குளிர்காலத்தைக் கடத்தினார். வேரற்றுப் போன மூன்று இனத்தார் ஒரு கூரையின்கீழ் ஒருவரையொருவர் பிழைக்க வைத்த அந்நிகழ்ச்சியைப் போர்க்கதைகளுக்கு மேலாகவே நாம் மதிக்க வேண்டும்.

1797-ஆம் ஆண்டு உடன்படிக்கையால், ஜெனிசிக்கு மேற்கே இருந்த தம் நிலம் முழுவதையும் ஏறத்தாழ இழந்த செனகா மக்கள், சிற்சில பகுதிகளை மட்டும் ஒதுக்கி வைத்துக்கொண்டனர். அவற்றுள் கார்டோவின் 17,927 ஏக்கர் மேரிக்கு உரியதாயிற்று. 1823-இல் அதிற் பெரும்பகுதி கைமாறியது. எஞ்சியதையும் 1831-இல் விற்று, பஃபலோவை அடுத்த செனகா ஒதுக்கிடத்துக்குச் சென்று, 1833-இல் அங்கே காலமானார். அந்த ஒதுக்கிடமும் பின்னர்ச் செனகா மக்களின் கையைவிட்டுப் போயிற்று. அவருடைய கல்லறைக்குக்கூட உறுதியான இடமில்லாத நிலை வந்தபோது, லெச்வொர்த் 1874-இல் அவரது எச்சங்களைக் கொணர்ந்து தம் நிலத்தில் மீண்டும் அடக்கம் செய்வித்தார்.

அதற்கு ஈராண்டு முன்னர், பாழடைந்து கிடந்த செனகா மன்றத்தை அவர் இங்கே பெயர்த்துக் கொணர்ந்திருந்தார். 1872 அக்டோபர் முதல் நாள் அதில் ஒரு கூட்டம் கூடியது. செனகா, மோஹாக் குடிகளின் புகழ்பெற்ற தலைவர்களுடைய வழித்தோன்றல்கள் வந்தனர். முன்னாள் குடியரசுத் தலைவர் ஃபில்மோரும் வந்திருந்தார். மூத்தோர் தம் தாய்மொழியில் உரையாற்றினர். மன்றம் அவர்களுடையது, மண்ணோ பிறருடையது. தம் முன்னோர் அமர்ந்த அவையில் அவர்கள் அன்று விருந்தினர்களாக அமர்ந்தனர்.

லெச்வொர்த்தின் நன்மனத்தில் நமக்கு ஐயமில்லை. அவர் எவரையும் விரட்டவில்லை. விரட்டப்பட்டோரின் நினைவு அழியாது காத்தார். எனினும் அமானிதம் என்பதற்கு இரு கடமைகள் உண்டு: பொருளைக் கெடாமற் காத்தல் ஒன்று, உரியவரிடம் ஒப்படைத்தல் மற்றொன்று. முதற்கடமையை அவர் போற்றத்தக்க வகையில் நிறைவேற்றினார். நிலம் பொதுமக்களுக்குச் சேர்ந்தது. ஆனால் அதனை முதலில் இழந்தவர்களுக்குக் கிடைத்தவை ஒரு மன்றமும் ஒரு கல்லறையுமே. ஒரு நல்லவரின் கொடையால், அவருக்கு முன் நடந்த அநீதி தீர்ந்துவிடுவதில்லை. அநீதி நடந்தது என்பதற்காகக் கொடையின் மதிப்பும் குறைவதில்லை. இரண்டையும் ஒருங்கே எழுதி வைப்பதே வரலாற்றின் நேர்மை.

செனகா மக்கள் மறைந்து போனவர்களல்லர். அதே மாநிலத்தில் இன்றும் தம் குடியமைப்புடன் வாழ்கின்றனர். ஜெனிசி என்னும் பெயரும் அவர்கள் மொழியில் அழகிய பள்ளத்தாக்கு எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததே. அந்த அருவிகளைக் காணச் செல்வோர், மேட்டிலுள்ள மன்றத்துக்கும் ஏறிச் சென்று, அழகிய பள்ளத்தாக்கு என்று அதற்கு முதலிற் பெயரிட்டவர்கள் யார் என்பதைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்வார்களாக.